பையில் என்ன இருக்கிறது என்று நடிகருக்காவது தெரிய வேண்டும்

கேள்வி இதுதான்: "ஒரே வீடு, நாலே பேர், பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, ஒரு மர்மம். நடித்தவர்கள் எல்லாரும் பிரமாதம். ஆனால் முடிந்து எழுந்தபோது ஏமாந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நல்ல நடிப்பு சுமாரான எழுத்தைக் காப்பாற்றாதா?"

குடும்பப் படத்தில் காப்பாற்றும், காதல் படத்தில் நிச்சயம் காப்பாற்றும். மர்மப் படத்தில் காப்பாற்றாது. அதுவும் ஆள் குறைந்த, இடம் குறைந்த மர்மப் படமாக இருந்தால், நடிப்பு நன்றாக இருக்க இருக்க எழுத்தில் இருக்கும் ஓட்டை இன்னும் பெரிதாகத்தான் தெரியும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, சொந்தக் காசைப் போட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மானம் போன கதைக்கு அப்புறம் வருகிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் தெருக்கூத்து.

எங்கள் பக்கம் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, விடிய விடிய நடக்கும். என் அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். பழைய வட ஆற்காட்டை 1989-ல் இரண்டாகப் பிரித்தபோது அந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டது, நாங்கள் வேலூரில் நின்றுவிட்டோம். பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போனால் கர்ண மோட்சம் பார்க்காமல் திரும்பியதில்லை. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் கர்ணன் சலங்கையோடு ஆடுவான், கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரிந்து தெரிந்து மறையும், முகவீணை காதைக் கிழிக்கும். திரை விலகினதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து, நீங்கள் யார், எந்த தேசம் என்று ராஜாவையே விசாரிப்பான். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் கர்ணன் யார் என்று தெரியும், விடிவதற்குள் சாகப்போகிறான் என்பதும் தெரியும். தெரிந்தும், மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வந்தால் கிழவிகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவார்கள். வருஷா வருஷம் அதே இடத்தில்.

இதில் ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது. என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், எப்படி நடக்கும் என்பதுதான் மிச்சம், அதைத் தைரியமாக ஆடுகிறவர் கையில் கொடுத்துவிடலாம். அவருக்குப் பின்னால் வியாசரும் வில்லிபுத்தூராரும் நிற்கிறார்களே, என்ன பயம்? அழுத்தமாக நடிக்கிறார் என்று நாம் சினிமாவில் கொண்டாடும் சிலருக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் மனதைப் பறிகொடுத்தவர் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி. 1977-ல் அவர் தொடங்கிய நாடகக் குழுதான் கூத்துப்பட்டறை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். புரிசை செய்யாறுக்குப் பக்கத்து ஊர் என்பதில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷம் உண்டு.

மர்மப் படம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. அங்கே ‘என்ன’ என்பதையே ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல நடிகர் டம்ளரை வைக்கப்போய் ஒரு நொடி கையை நிறுத்தினால் போதும், இவன் எதையோ மறைக்கிறான் என்று நாம் நம்பிவிடுவோம். அவரால் செய்ய முடிந்தது அதுவரைதான். மறைத்தது என்ன, அதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டுமா, அதை ஏன் இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பதையெல்லாம் எவ்வளவு பெரிய நடிகராலும் முகத்தில் வரவழைக்க முடியாது. அதை யாராவது மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

ரஷ்யாவில் சுமார் நூறு வருஷத்துக்கு முன் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார், சினிமா படித்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மோசுகின் என்ற நடிகரின் முகம், பெரிய பாவனை எதுவும் இல்லாத ஒரே ஷாட். அதற்குப் பக்கத்தில் ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டி, ஒரு தடவை ஒரு பெண். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசி தெரிகிறது, துக்கம் தெரிகிறது, ஆசை தெரிகிறது என்றார்களாம். வழக்கமாக இதை எடிட்டிங்கின் மகிமைக்குச் சொல்வார்கள். மர்மப் படத்துக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. முகத்துக்குப் பக்கத்தில் எதையுமே வைக்காமல் விட்டால், பார்க்கிறவன் தானாக ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வான். அவன் வைத்துக்கொண்டது பெரும்பாலும் உங்கள் கடைசி ரீலைவிட நன்றாக இருக்கும்! அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. நல்ல நடிகரின் ஒவ்வொரு பார்வையும் நம்மிடம் வாங்கும் ஒரு கைமாற்று. ஐம்பது பார்வைக்கு ஐம்பது கைமாற்று. ஜாமீன் கையெழுத்து போட்டவர் எழுத்தாளர். நடிகர் சுமாராக இருந்திருந்தால் நாம் இவ்வளவு கொடுத்திருக்கவே மாட்டோம், ஏமாந்த உணர்வும் வந்திருக்காது.

அப்புறம் இந்த ‘குறைவு’ விஷயம். சாதாரண மசாலாப் படத்தில் திரைக்கதை இடறினால் ஒரு பாட்டு வரும், காமெடியன் வருவார், நாம் மறந்துவிடுவோம். ஆம்பூர் பிரியாணியில் ஒரு பிடி அரிசி குழைந்துபோனால் பக்கத்தில் இருக்கும் கத்தரிக்காய் சமாளித்துவிடும். கஞ்சியில் கல் கிடந்தால் முதல் வாயிலேயே தெரிந்துபோகும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், எவ்வளவு எளிமை பார்த்தீர்களா என்று சொல்லும் பல படங்களில் எடுத்துவிட்ட பொருள்களோடு சேர்த்துக் கதையையும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு ஆள் ஜன்னலுக்கு வெளியே மூன்று நிமிஷம் பார்க்கிறார் என்றால், அந்த மூன்று நிமிஷத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஏதாவது புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தது ஒன்று சந்தேகமாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது காத்திருப்பு, காட்பாடி ஸ்டேஷனில் அதை இலவசமாகவே செய்யலாம்.

குறைவாக வைத்து ஜெயித்தவர்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த அந்த நாள் படத்தில் பாட்டே இல்லை. சிவாஜி கணேசனைத் தொடக்கத்திலேயே சுட்டுச் சாய்த்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய நடிகரைப் பிணமாக்கிவிட்டுத்தான் கதையே ஆரம்பிக்கிறது. பிறகு ஆளுக்கு ஆள் சொல்வதிலிருந்து அவர் யார் என்று நாம் கட்டிக்கொள்கிறோம். ஜாவர் சீதாராமனின் எழுத்தின் மேல் என்ன நம்பிக்கை இருந்தால் இப்படிச் செய்திருப்பார்கள்!

இன்னொன்று, எல்லாரும் சொல்லும் உதாரணம்தான், ஆனால் ஒரு சின்ன இடத்துக்காகச் சொல்கிறேன். 1957-ல் வந்த 12 ஆங்க்ரி மென். ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்ல உட்கார்ந்த பன்னிரண்டு ஜூரிகள், கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறைக்குள். அதில் கண்ணாடி போட்ட ஒருவர், நான்காவது ஜூரி, வேர்க்காத ஆள், கணக்குப் போட்ட மாதிரி பேசுகிறவர். பேச்சுக்கு நடுவே கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல்பகுதியைத் தேய்த்துக்கொள்கிறார். பார்க்கிற நமக்கு அது ஒரு களைத்த மனிதர் செய்யும் காரியம், நல்ல நடிப்பு, அவ்வளவுதான். எதிரில் இருக்கும் கிழவர் அதைப் பார்த்து ஏன் மூக்கைத் தேய்க்கிறீர்கள் என்று கேட்கிறார். கண்ணாடி அழுத்திய தழும்பு. கொலையைப் பார்த்ததாகச் சாட்சி சொன்ன பெண்ணின் மூக்கிலும் அதே தழும்பு இருந்தது, அப்படியென்றால் அவள் கண்ணாடி போடுகிறவள், ராத்திரி படுக்கையிலிருந்து பார்த்தபோது கண்ணாடி போட்டிருப்பாளா? வழக்கே புரண்டுவிடுகிறது. மூக்கைத் தேய்த்தது நடிப்பா, எழுத்தா? பிரிக்கவே முடியாது. எழுதிய ரெஜினால்ட் ரோஸ் அந்த நடிகருக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தார், வேலைக்குள் துப்பை ஒளித்துவைத்தார். நம் படங்களில் நடிகருக்கு உணர்ச்சி கொடுக்கிறார்கள், வேலை கொடுப்பதில்லை.

நடிகருக்கு ரகசியம் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதிய பறவை. கதையை உடைக்கிறேன், 1964-ல் வந்த படம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபாலாக வருகிறவர் சிவாஜி. அவர் மனைவி சித்ரா ரயிலில் அடிபட்டு இறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். நிச்சயதார்த்தம் நடக்கும் நேரத்தில் நான்தான் சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் என் மனைவியே இல்லை என்று சிவாஜி துடிக்கிறார். முதல் தடவை பார்க்கும்போது அது ஒரு அப்பாவியின் துடிப்பு, ஐயோ பாவம் என்றிருக்கும். கடைசியில் உண்மை தெரிந்தபிறகு, இரண்டாவது தடவை அதே காட்சியைப் பாருங்கள். இவள் சித்ரா இல்லை என்று அவருக்கு ஏன் அவ்வளவு உறுதியாகத் தெரியும்? சித்ரா செத்தது தன் கையால் என்பதால். அதே துடிப்பு, இப்போது வேறு அர்த்தம். ரயிலைக் கண்டால் அவர் நிலைகுலைவதும் அப்படியே, முதலில் சோகமாகப் படும், பிறகு குற்றமாகப் படும். சிவாஜி மிகையாக நடிக்கிறார் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், இரண்டு தடவையும் பொய் சொல்லாத நடிப்பு அது. அப்படி நடிக்க வேண்டுமென்றால் பையில் என்ன இருக்கிறது என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பை என்று ஏன் சொல்கிறேன்? இப்போது என் கதை.

சில வருஷங்களுக்கு முன் இருபத்திரண்டு நிமிஷக் குறும்படம் ஒன்று எடுத்தேன். வேலூரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரிலும் பின்னாலும் இருக்கும் தெருக்கள் முழுக்க லாட்ஜ்கள், வங்காளத்திலும் ஒடிசாவிலும் இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், போர்டுகள் பெங்காலியில் இருக்கும், அடுப்பும் பாத்திரமும்கூட வாடகைக்குக் கிடைக்கும். அப்படி ஒரு லாட்ஜ் அறையில் ஒரு வயதானவர் பதினோரு நாளாகத் தங்கியிருக்கிறார். தினமும் காலையில் பிளாஸ்க்கையும் ஒரு ரெக்சின் பையையும் எடுத்துக்கொண்டு போவார், சாயங்காலம் வருவார். இவருக்கு நோயாளி என்று யாராவது இருக்கிறார்களா என்று லாட்ஜ் மேனேஜருக்குச் சந்தேகம். இரண்டே பேர், ஒரு அறை, ஒரு மாடிப்படி. எனக்கே என் எளிமையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

வயதானவராக நடித்தவர் ஒரு கூத்து வாத்தியார், அறுபதைத் தாண்டியவர், துரியோதனன் வேஷத்தில் புஜக்கட்டையைக் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஆடினவர். கேமரா முன்னால் குரலை இறக்க ஒரு நாள் ஆனது, அதற்கப்புறம் மனிதர் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். இரண்டாம் நாள் காலை கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இந்தப் பையில இன்னா கீது?"

"அது சஸ்பென்ஸ் வாத்தியாரே."

"பாக்கறவங்களுக்கு சஸ்பென்ஸ், சரி. எனக்கு என்னாத்துக்கு?"

சிரித்து மழுப்பினேன். உண்மை என்னவென்றால் எனக்கே தெரியாது. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பையைக் கனமாக்க கலை வேலை பார்த்த பையன் உள்ளே பழைய பேப்பரைத் திணித்திருந்தான், ஒரு நாள் அதை எடுத்துவிட்டான். வாத்தியார் ஒரு ஷாட்டில் தோள் சாய மாடி ஏறினார், இன்னொரு ஷாட்டில் ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு தடவை கட்டிலில் வைத்தார், ஒரு தடவை செருப்புக்குப் பக்கத்தில் தரையில் போட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியாக அருமையாக இருந்தது. சேர்த்துப் பார்த்தபோது ஐந்து வெவ்வேறு ஆட்கள் மாதிரி இருந்தது.

கடைசியில் நான் போட்ட முடிவைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது: பை காலி, மனைவி எப்போதோ இறந்துவிட்டாள், எல்லாம் அவர் மனதில். வாத்தியார் அந்தக் காலிப் பையைத் திறந்து பார்த்துவிட்டு அழுத அழுகைக்கு, திரையிட்டபோது இருபது பேர் கைதட்டினார்கள். விளக்கைப் போட்டதும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா எழுந்து, "லாட்ஜில் அடையாள அட்டை நகல் வாங்கும்போதே பேஷன்ட் யார், எந்த வார்டு என்று கேட்டுவிடுவார்களே தம்பி, இந்த மேனேஜர் பதினோரு நாளாக என்ன செய்துகொண்டிருந்தார்?" என்றார். பதில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் பை சில சமயம் கனமாக இருந்ததே என்று இழுத்தார். அதற்கும் பதில் இல்லை. வாத்தியார் மோசமாக நடித்திருந்தால் பையை யாரும் கவனித்தே இருக்க மாட்டார்கள், அதுதான் கொடுமை. அவர் தூக்கினதால்தான் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் சொல்லும் படத்தை நானும் பார்த்தேன். பெயர் வேண்டாம். அண்ணன் தம்பி, அண்ணி, ஒரு போலீஸ்காரர், காணாமல் போன அப்பா. அண்ணியாக நடித்தவர் சமையலறையில் போலீஸ்காரருக்குக் காபி ஆற்றும் காட்சியை நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: முதல் அரைமணியில் தம்பி தனியாக அறையில் உட்கார்ந்து அப்பாவின் போனைப் பார்த்துக் குழம்புகிறார், கூட யாரும் இல்லை. கடைசியில் பார்த்தால் எல்லாம் தெரிந்தவரே அவர்தான். அப்படியானால் தனியாக இருந்தபோது யாருக்காகக் குழம்பினார்? நமக்காக, கேமராவுக்காக. இது மறைப்பு இல்லை, அழுகுணி ஆட்டம். சிவாஜி செய்யாதது இதைத்தான். அப்புறம் கடைசி இருபது நிமிஷம், பின்னணிக் குரலில் நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு அழுகை. அழுகிற இடத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படுவோம் என்று எழுதினவருக்குத் தெரியும், அதனால்தான் அங்கே அழவைக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன், அதனால் அடையாளம் தெரிகிறது.

முடிவில் திருப்பம் இருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2018-ல் வந்த தி கில்டி என்ற டேனிஷ் படத்தில் அவசர அழைப்பு எடுக்கும் ஒரு போலீஸ்காரர், போன், இரண்டு அறை, அவ்வளவுதான். திருப்பம் வரும்போது அது போனில் பேசிய பெண்ணைப் பற்றியது மட்டுமல்ல, அவசரப்பட்டு முடிவு கட்டிய இவரைப் பற்றியதும்தான். இவர் ஏற்கெனவே பணியில் செய்த ஒரு தப்புக்காக மறுநாள் கோர்ட்டில் நிற்க வேண்டியவர். நடிகருக்கு நடிக்க இடமும் கிடைக்கிறது, கதைக்குக் கணக்கும் நேராகிறது.

நடிப்பா எழுத்தா என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் ஒரு வழி. படத்தைப் பார்க்காத ஒருவரிடம், முகபாவம் எதுவும் காட்டாமல், கதையை மட்டும் சொல்லுங்கள். நானும் ஒரு நண்பரும் சென்னைக்குப் போகும்போது காட்பாடியில் ஆரம்பித்து அரக்கோணத்துக்குள் சொல்லி முடிப்பது என்று வைத்திருக்கிறோம். கேட்கிறவர் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தால் எழுத்து உயிரோடு இருக்கிறது. "அவன் ஏன் அதைக் கேட்கவில்லை?" என்று வாலாஜா தாண்டும் முன்பே கேட்டுவிட்டால், நீங்கள் ரசித்ததெல்லாம் நடிகரை. அதில் தப்பில்லை, அந்தக் காபி காட்சிக்காக அந்தப் படத்தை நான் இன்னொரு தடவைகூடப் பார்ப்பேன்.

என் குறும்படத்தைப் போன வருஷம் மறுபடி எழுதினேன். மேனேஜர் முதல் நாளே வார்டைக் கேட்டுவிடுகிறார், பெரியவரும் சொல்லிவிடுகிறார், சந்தேகம் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. பையில் மனைவியின் புடவை ஒன்றும், அவள் அட்மிட் ஆன அன்று கழற்றிக் கொடுத்த கண்ணாடி வளையல் நாலும். வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அதே மாதிரி ஒரு லாட்ஜ் அறையில் கேமராவை வைத்தோம். உள்ளே வந்தார், பையைத் தரையில் வைக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார், கட்டிலில் தலையணையைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணி, வளையல் சத்தம் வராமல் மெதுவாக அங்கே வைத்தார். தலையணையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.